மாயாவின் புலியும் மறிச்சுக்கட்டியின் முற்றமும்: ஓவியம், றொக் இசை, அரசியல் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

ஓவியரும் றொக் இசைஞரும் கூடித் தொழிற்படும் மரபு மேனாட்டில் 1960களின் பிற்கூற்றில் வேரூன்றியது. 1967 இல் வெளிவந்த 'வெல்வெற் அண்டர்கிறவுண்ட்' குழுவினரின் முதல் இசைத்தட்டு உறையில் அண்டி வோர்ஹோல் ஒரு வாழைப்பழத்தை அச்சிட்டார். அதே ஆண்டில் பீற்றில்ஸ் குழுவினரின் 'சார்ஜன்ற் பெப்பர்' இசைத்தட்டுக்குப் பீற்றர் பிளேக்கும் ஜான் ஹாவேர்த்தும் உருவங்கள் நிறைந்த உறையொன்றை ஆக்கிக் கொடுத்தனர். மறு ஆண்டில் அதே குழுவினருக்கு றிச்சட் ஹமில்ரன் அளித்தது வெறும் வெள்ளை அட்டை. 1970களில் இவ்வுறவு உறையிலிருந்து உடைக்குப் பரவியது. யப்பானியரான கன்சாய் யமமோட்டோ டேவிட் போவிக்கும், துணியச்சுக் கலையிற் பயின்ற சன்ட்ரா றோட்ஸ் 'குவீன்' குழுவின் பிரெடி மேர்க்கரிக்கும் மேடையுடை அமைத்தனர். இவையனைத்திலும் ஓவியர் ஒலிக்கு வெளியே நின்றவர் என்பது கவனித்தற்குரியது. இசைக்கு ஒரு முகத்தை வரைந்து கொடுத்தபின் அவர் தமது கூடத்துக்குத் திரும்பிவிடுவார். வோர்ஹோல்கூட அக்குழுவைப் பேணினாரேயன்றிப் பாட முற்படவில்லை.

இம்மரபை உடைத்தவர்களுள் ஒருவர் ஈழத்தமிழ்ப் பெண் என்பது தமிழ்க் கலை விமர்சனத்தில் உரிய இடம் பெறாத செய்தியாகும். எம்.ஐ.ஏ. என்ற பெயரால் உலகறிந்த மாதங்கி மாயா அருட்பிரகாசம் இன்று பாடகியாகவே பேசப்படுகின்றார். அவர் முதலில் ஓவியர். இசைக்குள் வந்ததும் ஓவியத்தின் வழியாகவே. அந்த ஓவியம் எத்தகையது, அதிலிருந்து றொக் இசைக்குக் கிடைத்தது என்ன, அவ்வோவியத்தில் ஓயாது தோன்றும் புலி யாருக்கு எவ்வாறு தோற்றும் என்பன இங்கு ஆராயப்படுகின்றன. கடைசி வினாவை மன்னார் மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள மறிச்சுக்கட்டியில் நின்று கேட்டால் விடை இலண்டனிற் கிடைக்கும் விடையாய் இராது.

மாயா 1975 யூலையில் இலண்டனிற் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, யாழ்ப்பாணத்திலும் ஓரளவு சென்னையிலும் வளர்ந்து, 1986 இல் தாயாருடனும் உடன்பிறந்தாருடனும் அகதியாக இலண்டன் மீண்டார். தந்தையார் அருளர், ஈரோஸ் இயக்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர். 1977 இனக்கலவரத்தின்பின் கப்பலில் வடக்கே அனுப்பப்பட்ட அகதிகளைப் பற்றிய 'லங்கா ராணி' நாவலின் ஆசிரியர். ஈழத்து நாவல் வரலாற்றை எழுதுவோர் 'லங்கா ராணி'யைக் கடந்து செல்லல் இயலாது. ஆனால் அந்நாவலாசிரியரின் மகளது ஓவியத்தை அவ்வரலாற்றோடு தொடுத்து நோக்கியவர் அரியர். தந்தையார் கப்பலையும் அதில் அடைபட்ட மாந்தரையும் எழுதினார். மகள் படகையும் அதில் அடைபட்ட மாந்தரையும் காட்சியாக்கினார். இத்தொடர்ச்சி தற்செயலானதன்று.

இலண்டன் சென். மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் நுண்கலை, திரைப்படம், வீடியோ ஆகியவற்றைப் பயின்று மாயா வெளியேறிய காலத்தில், 'இலாஸ்ரிகா' என்னும் றொக் குழுவின் தலைவி ஜஸ்ரின் பிறிஷ்மனின் நட்பு அவருக்குக் கிட்டியது. இலாஸ்ரிகாவின் முதல் இசைத்தட்டு 1995 இல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை எய்தியது. ஐந்தாண்டுகளின் பின்னரே, 2000 இல், இரண்டாவதான 'த மெனஸ்' வெளிவந்தது. அதன் உறையை ஆக்கும் பணி மாயாவிடம் ஒப்படைக்கப்பட்டது. குழுவின் அமெரிக்கப் பயணத்தைப் படம்பிடிக்கும் பொறுப்பும் அவரைச் சேர்ந்தது. அக்குழுவின் பாடலொன்றுக்கு வீடியோவும் இயக்கினார். அப்பயணத்தில் முன்னிகழ்ச்சி நடத்திய பீச்சஸ் என்ற கனேடியப் பாடகி, ரோலண்ட் எம்.சி. 505 என்னும் தாளப்பொறி ஒன்றோடு தனியொருத்தியாக மேடையேறியவர். அப்பொறியில் மாயாவின் கையைப் பழக்கியவர் அவரே. பிறிஷ்மன் தம்மிடமிருந்த அதே வகைப் பொறியை மாயாவுக்குக் கொடுத்துதவினார்.

உறை வரைய வந்தவர் ஒலி வரையத் தொடங்கியது இவ்வாறே. மாயாவின் முதற் பாடலான 'கலாங்' 2003 இல் சிறு தொகைப் படிகளாக வெளிவந்தபோது, அதன் ஆக்கத்தில் பிறிஷ்மனும் 'பல்ப்' என்னும் றொக் குழுவின் பாஸ் கிற்றார் கலைஞர் ஸ்ரீவ் மக்கேயும் றொஸ் ஓட்டனும் பங்காளராயிருந்தனர். இலாஸ்ரிகா 2001 இலேயே கலைந்துவிட்டது. கட்டடக்கலை பயின்றவரான பிறிஷ்மன் பின்னர் அமெரிக்கா சென்று முழுநேர ஓவியரானார். ஓவியர் பாடகியாகவும் பாடகி ஓவியராகவும் இடம் மாறிய இந்நிகழ்ச்சி ஒரு வேடிக்கைச் செய்தியாகவே சொல்லப்பட்டு வருகின்றது. உண்மையில் இஃது அக்காலத்துப் பிரித்தானியக் கலைக்கல்லூரிச் சூழலின் இயல்பைக் காட்டுவது. அங்கே தூரிகையும் கிற்றாரும் ஒரே அறையிற் கிடந்தன. நமது பல்கலைக்கழகங்களில் ஓவியமும் இசையும் வெவ்வேறு கட்டடங்களில், பெரும்பாலும் ஒன்றையொன்று அறியாது வாழ்வதை நினைத்தால் சற்றுப் பொறாமை எழுவது இயல்பே.

இனி ஓவியத்துக்கு வருவோம். 2001 இல் இலண்டன் போட்டபெல்லோ வீதியிலுள்ள 'யூபோரியா' என்ற கடையில் மாயாவின் முதற் காட்சி நடைபெற்றது. அவ்வோவியங்கள் ஸ்ரென்சில் வழியாகத் தெளிபூச்சு மையினால் ஆக்கப்பட்டவை. புலி, பனை, துவக்கு, கைக்குண்டு, உலங்குவானூர்தி, போராளிகளின் முகங்கள் ஆகியன கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பிலும் மஞ்சளிலும் பச்சையிலும் அடுத்தடுத்துப் பதிந்தன. மாற்று ரேணர் பரிசுக்கு இக்காட்சி பரிந்துரைக்கப்பட்டது. 2002 இல் இவை சிறு நூலாகவும் வந்தன. பின்னர் 2005 இல் தந்தையார் பெயரால் வெளிவந்த 'அருளர்' இசைத்தட்டின் உறையிலும் 'கலாங்' பாடலின் வீடியோவிலும் இதே உருவங்கள் மீண்டும் தோன்றின. வீடியோவில் மாயா ஆடும்போது அவருக்குப் பின்னால் தாங்கிகளும் பனைகளும் இலண்டன் மாடிக் குடியிருப்புகளும் ஓடுகின்றன, புலியும் ஓடுகின்றது.

ஸ்ரென்சில் என்ற சொல் ஈழத்து வாசகருக்குப் புதியதன்று. ரோனியோ இயந்திரத்தில் துண்டுப்பிரசுரம் அச்சிட்ட தலைமுறைக்கு அது மெழுகுத்தாள்; இரவோடிரவாகச் சுவரிற் சின்னம் பதித்தவர்களுக்கு அது வெட்டிய கடதாசி மட்டை. இயக்கங்களின் கலை, வசதியின்மை காரணமாகவே ஸ்ரென்சிலைத் தேர்ந்தது. விரைவு, மலிவு, பதித்தவர் யாரெனத் தெரியாமை ஆகிய மூன்றும் அதன் நற்பண்புகள். மாயா அவ்வடிவத்தைப் போட்டபெல்லோவின் கடைச்சுவருக்கு மாற்றினார். பதித்தவர் பெயர் அங்கே தெரிந்தது, விலையும் குறிக்கப்பட்டது. இதனை வணிகம் எனச் சொல்லி ஒதுக்குவது எளிது. ஆயினும் 2001 இல் இலண்டன் மக்களுக்கு ஈழத்துப் போர் என்பது செய்தித்தாளின் உட்பக்கத்தில் நாலு வரி. அந்நாலு வரியைச் சுவரளவு பெரிதாக்கி, விளம்பர நிறங்களிற் குழைத்து, விலகிச் செல்ல முடியாதவாறு நிறுத்திய துணிவு சிறியதன்று. 2009 இன் தொடக்கத்தில், ஒஸ்கார், கிறமி ஆகிய இரு பரிசுகளுக்கும் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டிருந்த நாள்களில், அமெரிக்கத் தொலைக்காட்சியிற் பெரும்பாலான பாடகர்கள் தமது அடுத்த இசைத்தட்டைப் பற்றியே பேசியிருப்பர். மாயா வன்னியில் அகப்பட்ட தமிழ்ப் பொதுமக்களைப் பற்றிப் பேசினார்.

வோர்ஹோலோடு ஒப்பிட்டால் இவ்வோவியத்தின் தனித்தன்மை துலங்கும். வோர்ஹோல் மின்னாற்காலியையும் இனக்கலவர ஒளிப்படத்தையும் திரும்பத் திரும்ப அச்சிட்டுப் பார்ப்போரின் உணர்ச்சியை மரத்துப்போகச் செய்தார். அம்மரப்பே அவரது பொருள். மாயா திரும்பத் திரும்பப் பதிப்பது தாளம் போன்றது, உணர்ச்சியை ஏற்றுவது. இந்த இடத்திலேதான் அவரது ஓவியம் இசைக்குட் புகுகின்றது. தாளப்பொறியில் ஓர் ஒலித்துணுக்கை வெட்டியெடுத்து, இடம்பெயர்த்து, அடுக்குவதும், ஸ்ரென்சிலில் ஓர் உருவத்தை வெட்டியெடுத்து, இடம்பெயர்த்து, அடுக்குவதும் ஒரே கைவினை. 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற அவரது புகழ்பெற்ற பாடல் 'கிளாஷ்' என்னும் றொக் குழுவினர் 1982 இல் வெளியிட்ட பாடலொன்றின் இசைத்துணுக்கை அடித்தளமாகக் கொண்டு, அதன்மேல் துவக்குவெடியையும் காசுப்பெட்டி திறக்கும் ஒலியையும் பதிக்கின்றது. குடிபெயர்ந்தோர் மீதான அவமதிப்பைப் பற்றி வெள்ளையரான கிளாஷ் குழுவினர் பாடியதை, குடிபெயர்ந்தவரே எடுத்துத் தம் ஸ்ரென்சிலாக்குகின்றார். 2010 இல் வந்த 'போர்ன் ஃப்றீ' பாடலில் 'சூசைட்' என்ற நியூயோர்க் குழுவின் 1977 ஆம் ஆண்டு இசை இவ்வாறே பயன்படுகின்றது. 'பேட் ஃப்ளூ' பாடலுக்கு உறுமி மேளம் அடித்தளம். தமிழகத்து உறுமியும் நியூயோர்க்கின் மின்னொலியும் ஒரே விலையுள்ள வெட்டுத்துண்டுகளாகும்போது, எது நடு எது விளிம்பு என்ற வினா கலைந்துபோகின்றது. றொக் இசைக்கு மாயா செய்த பங்களிப்பில் முதன்மையானது இதுவே.

அவ்வெட்டுக்கலையின் குறையும் அதன் இயல்பிலேயே இருக்கின்றது. ஸ்ரென்சில் விளிம்பை மட்டுமே காக்கும், உள்ளிருப்பதைக் காவாது. உருவம் தெளிவாக வேண்டுமெனின் ஐயங்கள் வெட்டியெறியப்பட வேண்டும். புலியைப் பொறுத்தவரை வெட்டியெறியப்பட்டவை எவை?

மறிச்சுக்கட்டி, முசலிப் பிரதேசத்தின் தென்னெல்லையில், மன்னார் வளைகுடாவின் கரையோரமாக அமைந்த முஸ்லிம் கிராமம். தெற்கே மோதரகம் ஆறு. அதற்கப்பால் வில்பத்துக் காடு. ஓர் இடைச்செய்தி: அக்காட்டில் உள்ளது சிறுத்தை. இலங்கைக் காடெதிலும் புலி இல்லை. கொடியிலும் சுவரிலும் பாய்ந்த புலி சோழர் சின்னமாக வரலாற்றிலிருந்து இறக்குமதியானதேயன்றி, இம்மண்ணின் விலங்கன்று. சின்னங்களுக்கு விலங்கியல் தேவையில்லை என்பது உண்மையே. ஆயினும் சிறுத்தையின் அயலில் வாழ்ந்தவர்களுக்குப் புலி சின்னமாக மட்டும் இருந்ததில்லை. 1990 ஒக்ரோபரின் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினர். வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் அவகாசம் மணிக்கணக்கில், மன்னாரில் நாட்கணக்கில். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கல்பிட்டியை அடைந்தனர். மறிச்சுக்கட்டி, கரடிக்குழி, பாலைக்குழி முதலிய ஊர்களின் மக்களும் புத்தளம் பகுதியில் அகதிகளாயினர். கையிலே தூக்கக்கூடியவை போக மற்றவை விட்டுச்செல்லப்பட்டன.

அவ்வொக்ரோபரில் மாயாவுக்கு வயது பதினைந்து. தென்இலண்டனில் ஓர் அரசாங்கக் குடியிருப்பில் ஆங்கிலம் பழகிக்கொண்டிருந்த காலம். அவர் நேரிற் கண்ட போர் 1986 இற்கு முந்தியது. அப்போர் இராணுவத்தின் தேடுதலும் பள்ளிக்கூடத்தின் மீதான சூடும். அந்தச் சிறுமியின் நினைவில் புலி, காப்பவர்களின் சின்னமாகவே பதிந்திருத்தல் கூடும். அதனைப் பழித்தல் பொருந்தாது. மேலும் அவரது தந்தையார் புலிகளைச் சேர்ந்தவரல்லர். அவர் சார்ந்த ஈரோஸ், மலையகத் தமிழரையும் தனது கோரிக்கைக்குள் அடக்கிச் சிந்தித்த வேறோர் இயக்கம். ஆகவே மகளின் புலி குடும்பச் சொத்தும் அன்று. உலகறிந்த ஈழத் தமிழ்ச் சின்னம் அதுவொன்றே ஆதலின் கைக்கு எட்டியது அதுவாயிற்று எனலாம். ஓர் ஓவியர் கைக்கெட்டியதை எடுப்பது குற்றமன்று. எடுத்ததை உட்புறமாகத் திருப்பிப் பாராமை குறை.

இப்புலியைப் பற்றி நடந்த வாதங்களை நோக்கின் இக்குறை மாயாவுக்கு மட்டும் உரியதன்று என்பது தெரியவரும். மேனாட்டு இசைவிமர்சகருட் பலர் அதனைக் கவர்ச்சியான கலகச் சின்னமாகக் கொண்டனர். 2008 இல் அமெரிக்காவில் வாழும் இலங்கையரான டிலோன் என்ற றப் பாடகர், மாயா பயங்கரவாதத்தைப் போற்றுகின்றார் என்று எதிர்ப்பாடல் வெளியிட்டார். மாயா தாம் பயங்கரவாதத்தை ஆதரிக்கவில்லை என்றார். புலம்பெயர்ந்த தமிழரில் ஒருசாரார் உலகமேடையில் தமது சின்னத்தைக் கண்டு மகிழ்ந்தனர். ஆக, இவ்வாதத்தில் தமிழருக்கு ஓர் இருக்கை, சிங்களவருக்கு ஓர் இருக்கை, மேனாட்டாருக்கு ஓர் இருக்கை; தமிழ் பேசுபவராயிருந்தும் தமிழின் பெயரால் துரத்தப்பட்டவருக்கு இருக்கை இல்லை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடைபெற்ற பத்திரிகையாளர் மாநாட்டில் அவ்வெளியேற்றத்துக்காகப் புலிகளின் சார்பிலேயே வருத்தம் தெரிவிக்கப்பட்டது. மாயாவின் ஓவியநூல் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். அந்நூலின் புலிகளுக்கு இச்செய்தி எட்டவில்லை.

மறிச்சுக்கட்டியைப் பிறர் வரைந்ததும் மறைத்ததும் இது முதற்றடவையன்று. முத்துக்குளிப்புக் காலத்தில் இவ்வெறுங்கரையில் சில வாரங்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் கூடும் ஓலைநகரம் எழுந்து, பருவம் முடிய மறைந்துவிடும். 1906 இல் யாழ்ப்பாணக் கச்சேரியில் இளம் அதிகாரியாயிருந்த லெனாட் வூல்ஃப் இங்கு மேற்பார்வைக்கு அனுப்பப்பட்டார். பின்னர் தமது தன்வரலாற்றில் அவ்வனுபவத்தை எழுதினார். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முன்னரே, 1863 இல், இருபத்துநாலு வயதினரான பிரெஞ்சு இசையமைப்பாளர் பிஸே, இலங்கையைக் களமாகக் கொண்ட 'முத்துக்குளிப்போர்' என்ற இசைநாடகத்தைப் பாரிசில் அரங்கேற்றியிருந்தார். கதைக்களம் முதலில் மெக்சிக்கோவாகவே எண்ணப்பட்டிருந்தது. அதனால்தானோ என்னவோ, முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் மூச்சடக்கிய கடலில் நாடகத்துக் குளியாளர் பிரமனை வணங்குகின்றனர்! அந்நாடகத்தில் முக்காடிட்ட பூசாரிப் பெண் பாறைமீதிருந்து பாடிக் குளிப்போரைக் காக்கின்றாள். மெய்யான முத்துக்கரையில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதிய 'கடற்கட்டி' இருந்தார். அவருக்கு அரசாங்கம் கூலி கொடுத்தது. சங்கீதத்துக்குக் கூலிக்கணக்கு ஒவ்வாது போலும்.

இந்நாடகத்துக்கு 2004 இல் அமெரிக்காவின் சன் டியாகோ இசைநாடகக் கழகம் புதிய காட்சியும் உடையும் வேண்டியபோது அவற்றை வரைந்தவர் முற்கூறிய சன்ட்ரா றோட்ஸ். 1974 இல் பிரெடி மேர்க்கரிக்கு இறக்கை விரிந்தாற்போன்ற வெள்ளை மடிப்புடையை அணிவித்த அதே கையினர். றொக் மேடையின் பளபளப்பு அவ்வாறாக ஓர் இசைநாடகத்தின் வழியே இக்கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. நெளிகோடுகளாலான தென்னையும் இளஞ்சிவப்பும் நீலமும் கலந்த துணிக்கடலும் கண்ணுக்கு இனியவை. அமெரிக்காவின் பல நகரங்களில் அத்தயாரிப்பு வரவேற்புப் பெற்றது. ஒரு நயமான முரண் இங்குண்டு. சன்ட்ராவின் இலங்கையிலும் மாயாவின் ஈழத்திலும் நிறம் ஒன்றே: அதே இளஞ்சிவப்பு, அதே மஞ்சள். ஒருவருக்கு மரம் தென்னை, மற்றவருக்குப் பனை. ஒருவர் போரையும் கூலியையும் அறியாது வரைந்தார். மற்றவர் போரை அறிந்து வரைந்தார். மறிச்சுக்கட்டியின் மனிதர் இரண்டிலும் இல்லை. ஆனால் இரு இன்மைகளையும் ஒரே தட்டில் நிறுத்தல் நேர்மையன்று. பாரிசுக் கற்பனையிடம் இவ்வூர் எதையும் எதிர்பார்க்கவில்லை. தமிழிற் பேசி வளர்ந்தவரிடம் எதிர்பார்க்கும்.

எதிர்பார்ப்புக்கு ஓரளவு விடை மாயாவின் பிற்காலப் படைப்பொன்றிற் கிடைக்கின்றது. 2015 இன் இறுதியில் வெளிவந்த 'போர்டர்ஸ்' என்ற வீடியோவை அவரே இயக்கினார். அதிற் புலி இல்லை. சின்னம் எதுவும் இல்லை. முள்வேலியில் ஏறும் இளைஞர், நீருக்குள் நடக்கும் இளைஞர், படகு கொள்ளாது நெருங்கி அமர்ந்திருக்கும் இளைஞர் என மனிதர்களே காட்சியை நிரப்புகின்றனர். படகு அசையாது நிற்கின்றது. அவர்கள் பேசாது பார்க்கின்றனர். மன்னார்க் கரையில் நின்று நோக்குபவருக்கு அப்படகு எந்தப் படகாகவும் இருக்கலாம்: பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் இராமேசுவரத்தை நோக்கிச் சென்ற தமிழரின் படகு, அல்லது 1990 இல் கல்பிட்டியை நோக்கிச் சென்ற முஸ்லிம்களின் படகு. சின்னத்தை நீக்கியதும் படத்தின் கதவு திறந்துகொள்கின்றது. பத்தாண்டு இடைவெளியில் ஓர் ஓவியர் அடைந்த வளர்ச்சி என இதனைக் கொள்ளல் பொருந்தும். ஆயினும் ஒரு காட்சியில் வேலியிலே ஏறியவர்களின் உடல்கள் ஆங்கில எழுத்துகளின் வடிவாக அடுக்கப்பட்டு 'வாழ்வு' என்று பொருள்படும் சொல்லாகின்றன. மனிதர் மீண்டும் ஸ்ரென்சிலாகும் அவ்விடம் உறுத்துகின்றது. அழகான உறுத்தல்தான். வீடியோவின் ஏனைய பகுதிகளின் அமைதி அங்கே குலைகின்றது.

வேறொரு வழியும் உண்டென்பதற்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓவியர் தா. சனாதனனின் 2011 ஆம் ஆண்டு நூல் சான்று. 'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடைய அந்நூலில், இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் தாம் இழந்த வீடுகளின் நிலப்படத்தை நினைவிலிருந்து கீறிக் கொடுத்துள்ளனர். அக்கீறல்கள் கட்டடக்கலைஞர் முறையில் மீளவும் வரையப்பட்டு அடுத்த தாளில் அமைகின்றன. கிணறு, அடுப்படி, வேலி, மரம். வண்ணம் இல்லை, வேகம் இல்லை, எவரும் அதற்கு ஆடவும் மாட்டார். றொக் மேடைக்கு அது பயன்படாது. ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயரைத் தலைப்பாகக் கொண்டதனால் அந்நூல் கலையாகவும் ஆவணமாகவும் ஒருங்கே நிற்கின்றது.

2009 இன் பின்னர் மீண்டுவந்த மறிச்சுக்கட்டி மக்களுக்குத் தேவைப்பட்டதும் அத்தகைய படமே. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் முற்றங்கள் காடாகிவிட்டன. 2012 இலும் மீண்டும் 2017 இலும் அப்பகுதியின் காணிகள் உட்பட்ட பெருநிலப்பரப்பு வனமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2015 அளவில் வில்பத்துக் காடு அழிக்கப்படுகின்றது என்ற குரல் நாடெங்கும் எழுந்தபோது, உயரத்திலிருந்து பிடிக்கப்பட்ட படங்கள் சான்றாகக் காட்டப்பட்டன. காடு காக்கப்பட வேண்டும் என்போரின் கவலை பொய்யன்று. காட்டின் எல்லை எது, ஊரின் எல்லை எது என்பதே வழக்கு. வானிலிருந்து நோக்கின் பச்சை மட்டுமே தெரியும். தரையில் நின்றவர்கள் பழைய கிணற்றுக்கட்டையும் அத்திவாரக் கல்லையும் பள்ளிவாசலையும் மையவாடியையும் காட்டினர். வானிலிருந்து எடுத்த படமும் ஒருவகை ஸ்ரென்சிலே. அதுவும் விளிம்பை மட்டுமே அறியும்.

மாயாவிடம் ஸ்ரென்சிலுக்கு முந்திய ஒரு கலை இருந்தது என்பதையும் இங்குச் சொல்லவேண்டும். 2001 இல் இலங்கைக்கு வந்து உறவினரைக் கமராவிற் பதிவுசெய்தார். அப்பதிவுகளிற் சில அவரது கல்லூரித் தோழர் ஸ்ரீவ் லவ்றிஜ் 2018 இல் வெளியிட்ட 'மாதங்கி / மாயா / எம்.ஐ.ஏ.' என்ற ஆவணப்படத்தில் இடம்பெற்றுள்ளன. கமரா நடுங்குகின்றது. வெளிச்சம் போதவில்லை. வீட்டுக்குள் உறவினர் பேசுகின்றனர், இடையிற் சிரிக்கின்றனர், திடீரென்று பேச்சை நிறுத்துகின்றனர். இந்நாடாக்களைத் தனிப்படமாக்கும் எண்ணத்தைக் கைவிட்டே அவர் பாடகியானார். உலகம் அடைந்தது 'பேப்பர் பிளேன்ஸ்'. அதை வேண்டாமென்று யாரும் சொல்லமாட்டார். எனினும் அந்நாடாக்களில் உள்ள பொறுமையோடு அவர் அன்று யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் வரை சென்றிருந்தால், அங்கே அகதிக் குடியிருப்புகளில் பதினோராவது ஆண்டைக் கழித்துக்கொண்டிருந்த மறிச்சுக்கட்டியாரும் அதே தமிழில், அதே இடைநிறுத்தங்களோடு, கமராவுக்குப் பேசியிருப்பர்.